ஐந்து குளிர்காலம் நின்ற வண்டி

‘கேரவன்’ என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சினிமாப் படப்பிடிப்புதான். கதாநாயகன் ஒப்பனை போட்டுக்கொள்ளவும், கதாநாயகி வெயில் படாமல் உட்கார்ந்திருக்கவும் தெருவோரமாக நிற்கும் நீளமான குளிர்சாதன வண்டி. அமெரிக்காவில் இதே மாதிரி வண்டியைச் சாதாரணக் குடும்பத்தினர் சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறார்கள். அதிலும் பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் அதிகம். அங்கே அதற்கு ‘ஆர்.வி.’ என்று பெயர். பொழுதுபோக்கு வாகனம் என்பதன் சுருக்கம். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்த நம் சங்கத்து அன்பர்கள் பலர் நெடுஞ்சாலையில் இவற்றைப் பார்த்திருப்பார்கள். உள்ளே ஏறிப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

எனக்கு அந்த வாய்ப்பு 2024ஆம் ஆண்டு கிடைத்தது. என் மகள் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்கு அருகே வசிக்கிறாள். நானும் என் மனைவியும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. அவர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தவர், வயது 76. அம்மையார் நர்ஸாக இருந்தவர், வயது 73. அவர்கள் வீட்டுப் பக்கவாட்டில், சாம்பல் நிறத் துணியால் மூடிய மோட்டார் ஹோம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. 2019 அக்டோபரில் கடைசியாக ஓடியது. அதைத் திரும்பச் சாலைக்குக் கொண்டுவர அவர்கள் முயன்ற இரண்டு மாதமும் நான் கூட இருந்தேன்.

எனக்கு அதில் ஆர்வம் வந்ததற்குத் தொழில் காரணம் உண்டு. போபாலில் ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கும் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரம்பூரில் பிறந்த ஐ.சி.எஃப். பெட்டி பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஓடிய பிறகு எங்களிடம் வரும். பிரித்துப் போட்டு, துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, மீதி ஆயுளுக்குத் தயார் செய்து அனுப்புவோம். கழிவறைக்கு அடியில்தான் துரு முதலில் தொடங்கும் என்பது எங்கள் பணிமனையில் புதிதாகச் சேரும் பையனுக்கும் தெரியும். நாள் கணக்கில் ஓரமாக நின்ற பெட்டி வந்தால் எங்கள் மூத்த மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிடும். ஓடித் தேய்ந்ததைச் சரிசெய்வது சுலபம், நின்று கெட்டதில் எங்கே கெட்டிருக்கிறது என்றே தெரியாது என்பார்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆர்.வி.யில் எஞ்சின் இல்லாமல் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவது ஒரு வகை. எஞ்சினோடு சேர்ந்தது மோட்டார் ஹோம். அதில் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு வைத்திருக்கிறார்கள். ஏ என்பது நம் சொகுசுப் பேருந்து மாதிரி தட்டையான முகப்பு கொண்டது. பி என்பது வேன். சி இரண்டுக்கும் நடுவே: முன்னால் வேனின் முகம், ஓட்டுநர் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு ஒரு படுக்கை. பக்கத்து வீட்டு வண்டி இந்த சி பிரிவு, 27 அடி நீளம், 2011ஆம் ஆண்டு மாடல், ஏறத்தாழ 6 டன் எடை. உள்ளே மூன்று பர்னர் அடுப்பு, குளிர்பெட்டி, சாப்பாட்டு மேஜை, பின்பக்கம் இரட்டைக் கட்டில், ஒருவர் நின்று குளிக்கிற அளவுக்குக் குளியலறை, கழிவறை. அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு; ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு; மூன்றாவது கழிவறைக்கு.

இந்த வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தயாராகிறது. கொரோனா காலத்தில் விமானத்துக்கும் ஓட்டலுக்கும் பயந்த ஜனங்கள் இதை வாங்கக் குவிந்ததில், 2021இல் மட்டும் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. அதற்கு முன் அத்தனை போனதில்லை. 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பெற்ற ‘நோமேட்லேண்ட்’ பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வருவது வீட்டை இழந்து, வேறு வழியில்லாமல் வேனில் குடியிருப்பவர்களின் கதை. நான் சொல்வது, வீடும் இருந்து, ஊர் பார்க்கவும் ஆசைப்பட்டவர்களின் கதை.

அந்தத் தம்பதி 2012 முதல் ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாதம் இந்த வண்டியில் சுற்றியவர்கள். 2020இல் கொரோனா வந்தது. 2021இல் அம்மையாருக்கு முழங்கால் மாற்று அறுவை. 2022இல் அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட். ஒவ்வொரு வசந்தத்திலும் ‘அடுத்த வருஷம்’ என்று தள்ளிப்போட்டதில் ஐந்து குளிர்காலம் போய்விட்டது. வேறு மாநிலத்தில் இருக்கும் மகன் வண்டியை விற்றுவிடச் சொல்லிக்கொண்டே இருந்தான். பழைய வண்டி வாங்கும் வியாபாரி ஒருவர் வந்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விற்பதா, கிளப்புவதா என்று ஜூன் மாதத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கெடு. அம்மையார் இதை என் மனைவியிடம் மாலை நடையின்போது சொன்னார். ‘விற்றால் பணம் வரும். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் எங்கேயும் போக மாட்டோம், எனக்குத் தெரியும்’ என்றாராம்.

துணியை எடுத்ததும் வண்டி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. டயர்களைக் காட்டி, ‘பாருங்கள், கோடு அப்படியே இருக்கிறது, 8,000 மைல்கூட ஓடவில்லை’ என்றார் அவர். அமெரிக்க டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு வரிசைக் குறி இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இவர் டயரில் 2215 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் 22வது வாரம். அதாவது ஒன்பது வயது.

டயர் ரப்பருக்குக் காற்றில் உள்ள ஓசோனும் வெயிலும் எதிரிகள். அவற்றிலிருந்து காப்பாற்ற, ரப்பரிலேயே மெழுகும் சில இரசாயனங்களும் கலந்துதான் செய்கிறார்கள். வண்டி ஓடும்போது ரப்பர் வளைந்து நிமிர்வதால்தான் இந்தச் சரக்கு உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படிகிறது. நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தப் பாதுகாப்பு போதிய அளவு கிடைப்பதில்லை. மேல் கோடு புத்தம்புதிதாக இருக்கும்போதே பக்கவாட்டில் முடிவெடிப்புகள் விடும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய பகுதி தட்டையாகவும் ஆகிவிடும். டயர் தயாரிப்பாளர்கள் பலர் ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடாவருடம் சோதிக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்கிறார்கள். ஆறு டன் வண்டியில் முன் டயர் வெடித்தால் ஓட்டுகிறவர் கையில் ஒன்றும் இருக்காது. ஆறு டயரையும் மாற்றினார். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் ஆறு. 1,300 டாலருக்குச் சற்று மேல் ஆயிற்று.

பெட்ரோல் அடுத்தது. நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025இல் நடைமுறைக்கு வந்துவிட்டதால் இதன் சங்கதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே பொதுவாக 10 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோல் மணம் மாறி, பிசின் மாதிரி கசடு சேரும். இதைத் தடுக்க ஒரு மருந்து ஊற்றி வைப்பார்கள். அது ஓரிரு வருடத்துக்குத்தான் தாங்கும். வண்டியின் எஞ்சினைவிட அதிகம் அடிபட்டது ஜெனரேட்டர். இந்த வண்டிகளில் மின்சாரத்துக்குத் தனியாக ஒரு சின்ன ஜெனரேட்டர் உண்டு. அதன் கார்புரேட்டர் முழுக்க அடைத்துப்போய், புதிதாகத்தான் மாட்ட வேண்டியிருந்தது. மாதம் ஒரு முறை, பாதி அளவு பாரம் கொடுத்து, ஓரிரு மணி நேரம் ஓட்டியிருந்தால் இந்தச் செலவு இல்லை. பேட்டரிகள் இரண்டு இனமும் செத்திருந்தன. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி ஒன்று, வீட்டு விளக்குக்கும் பம்புக்கும் வேறு. ஈய பேட்டரியைக் காலியாக விட்டுவைத்தால் தகட்டில் உப்பு படிந்து பிறகு மின்சாரம் ஏற்காது. நம் வீட்டு இன்வெர்ட்டர் கதைதான்.

எலிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஹீட்டருக்குள் மெத்தைப் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டியிருந்தன. பம்புக்குப் போகும் கம்பியின் மேலுறையைக் கொறித்திருந்தன. கம்பியை மாற்றியபின், அடித்தளத்தில் குழாய் நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் இரும்புப் பஞ்சைத் திணித்து அடைத்தோம். பாத்திரம் தேய்க்கிற அதே இரும்புப் பஞ்சு. எலியால் அதைக் கடித்துத் துப்ப முடியாது.

இதையெல்லாம்விடக் கவலை தந்தது கூரை. முன்பக்கத் துருத்தல் படுக்கை இருக்கிறதே, சி பிரிவு வண்டிகளில் அந்த இடம்தான் ஒழுகும். கூரையின் மூட்டுகளில் பூசியிருக்கும் ரப்பர்ப் பசை வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டது. உள்ளே படுக்கையின் மூலையில் தேநீர் சிந்தினாற்போலப் பழுப்புக் கறை. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போயிற்று. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மரச்சட்டம் எவ்வளவு தூரம் ஊறிப்போயிருக்கிறது என்பதைப் பிரிக்காமல் சொல்ல முடியாது. வண்டியை விற்கும் பேச்சு அன்று மறுபடி எழுந்தது. பழுது பார்க்கும் கடையில் ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் வைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, அழுகல் மூன்றடிக்கு மேல் பரவவில்லை. சட்டத்தை வெட்டி மாற்றி, கூரை முழுக்கப் பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார்கள். மொத்தச் செலவில் பாதி இதற்கே போயிற்று. பழைய ஆர்.வி. வாங்க நினைப்பவர் யாராவது உங்கள் பிள்ளைகளில் இருந்தால், எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் கூரை மூலைகளை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அவர் முன்யோசனை காப்பாற்றியது. ஒஹையோ குளிரில் குழாயில் தண்ணீர் நின்றால் பனிக்கட்டியாகி விரிந்து குழாயைப் பிளந்துவிடும். அதனால் குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு உறையா திரவத்தைக் குழாய்களில் ஏற்றி வைப்பார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றுவது விஷம். இது புரொப்பிலீன் கிளைக்கால், குடிநீர்க் குழாயில் விடத் தக்கது. 2019இல் அதைச் சரியாகச் செய்திருந்ததால் ஒரு குழாயும் வெடிக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் மூடிக் கிடந்த தொட்டித் தண்ணீரை யார் குடிப்பது? அதற்கு அவர்கள் முறை இது: 15 கேலன் கொள்ளளவுக்கு, அதாவது ஏறக்குறைய 57 லிட்டருக்கு, கால் கப் சாதாரண பிளீச் திரவம், நம் கணக்கில் 60 மில்லி. வாசனைப் பொருள் சேராத பிளீச்சாக இருக்க வேண்டும். தண்ணீரில் கலந்து தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் பிளீச் வாடை வரும் வரை திறந்து மூடி, பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிடுவது. பிறகு வடித்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுவது. போபாலில் மாடித் தொட்டி கழுவுகிற ஞாபகத்தில் என் மனைவி, அடியில் தேய்க்க வேண்டாமா என்று கேட்டார். அந்தத் தொட்டிக்குள் கைகூட நுழையாது.

எரிவாயுவில் ஒரு வித்தியாசம். நம் வீட்டு சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். அங்கே புரொப்பேன் மட்டும். காரணம் குளிர். பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். வண்டிக்குள் எரிவாயுக் கசிவுக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று என்று இரண்டு எச்சரிக்கைக் கருவிகள் இருந்தன. பச்சை விளக்கு எரிந்தது, அவர் திருப்தியாகிவிட்டார். கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் இரண்டும் 2011இல் செய்தவை. இந்தக் கருவிகளுக்கு ஆயுள் உண்டு; பின்னால் அச்சிட்டிருக்கும் தேதி போனபின் விளக்கு எரிந்தாலும் நம்பக் கூடாது. தூங்கும் இடமும் அடுப்பும் ஜெனரேட்டரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வண்டியில் இது சின்ன விஷயம் அல்ல.

வண்டி தயாராகிக்கொண்டிருந்தபோது அம்மையார் ஒரு நிபந்தனை போட்டார். இத்தனை வருடப் பயணத்தில் அவர் ஒரு மைல்கூட மோட்டார் ஹோமை ஓட்டியதில்லை. கணவர் ஓட்டுவார், இவர் வரைபடம் பார்ப்பார். ‘இவருக்கு வழியில் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் இவரைத் தூக்கிப் போய்விடும். நான் ஆறு டன் வண்டியோடு சாலையோரம் உட்கார்ந்திருப்பேனா? நான் ஓட்டக் கற்றுக்கொண்டால் போவோம். முடியவில்லை என்றால் விற்றுவிடுவோம்’ என்றார். அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். நர்ஸாக இருந்தவரிடம் அது பலிக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த இரண்டு மாதத்தில் நான் கேட்ட யோசனைகளிலேயே உருப்படியானது இதுதான்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 11,800 கிலோ வரை உள்ள மோட்டார் ஹோமை ஓட்டச் சாதாரணக் கார் லைசென்சே போதும். சட்டம் அனுமதிக்கிறது, கை பழக வேண்டுமே! சனிக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூட வாகன நிறுத்துமிடத்தில் பயிற்சி நடந்தது. நானும் என் மனைவியும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டுவைக்கப் போவோம். காரிலிருந்து வருபவருக்கு இதில் மூன்று சங்கடம். முதலாவது வால். பின் சக்கரத்துக்கு அப்பால் ஏழெட்டு அடி நீட்டிக்கொண்டிருப்பதால், வலப்பக்கம் திருப்பும்போது பின்பகுதி இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் கம்பத்தில் இடிப்பவர்கள் இப்படித்தான் இடிக்கிறார்கள். இரண்டாவது, பின்னால் பார்க்க நடுக்கண்ணாடி கிடையாது, பக்கக் கண்ணாடிகளை நம்ப வேண்டும். மூன்றாவது உயரம்.

உயரத்துக்கு ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. வட கரோலினாவில் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம். அதன் அடிவழி உயரம் 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இருந்தும் வாடகை லாரிகளும் ஆர்.வி.களும் கூரையை உரித்துக்கொண்டதில் அந்தப் பாலமே நாடறிந்த பேர் பெற்றுவிட்டது. கடைசியில் 2019இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் இடிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மையார் இந்தக் கதையைக் கேட்டதும் டேப்பை எடுத்துவரச் சொல்லி, கூரைமேல் இருக்கும் ஏ.சி.யின் உச்சி வரை அளந்தார். 11 அடி 2 அங்குலம். அதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டினார். ஐந்து சனிக்கிழமைகள் ஆயின. முதல் வாரம் நான்கு கூம்புகளைச் சாய்த்தவர் கடைசி வாரம் ஒன்றையும் தொடவில்லை. ‘நம் வீட்டில் ஸ்கூட்டர் சாவிகூட என் கைக்கு வந்ததில்லை’ என்று என் மனைவி கூம்பைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

உடம்பு விஷயமாகவும் ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு. அதில் அசல் மெடிகேர் நாடு முழுதும் அதை ஏற்கும் எந்த டாக்டரிடமும் செல்லும். தனியார் நிறுவனங்கள் நடத்தும் ‘அட்வான்டேஜ்’ திட்டங்கள் பலவற்றில், அவசரச் சிகிச்சை தவிர மற்றதற்கு அவர்கள் வட்டாரத்து டாக்டர்களிடம்தான் போக வேண்டும். ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது முக்கியமான வேறுபாடு. இவர்களுடையது அசல் மெடிகேர். மூன்று மாத மருந்து, என்ன மருந்து எத்தனை வேளை என்ற பட்டியல் குளிர்பெட்டிக் கதவில். ஸ்டென்ட் வைத்த தேதியும் அதில் எழுதியிருந்தது.

ஜூன் முதல் வாரம் ஒத்திகைப் பயணம். மூன்று இரவுகள், ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஹாக்கிங் ஹில்ஸ் என்ற மாநிலப் பூங்காவில். மணற்பாறைக் குகைகளும் அருவிகளும் உள்ள அழகான இடம். நீண்ட நாள் கழித்துக் கிளம்புகிறவர்கள் முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கி வர வேண்டும் என்பது அங்கே எல்லா அனுபவஸ்தர்களும் சொல்வது. எது பழுதானாலும் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஒரு நாள் மகளின் காரில் நாங்களும் போய்ப் பார்த்தோம்.

போன நேரத்தில் வண்டிக்குள் விளக்கில்லை. முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மின் கம்பம் உண்டு. இவர்கள் வண்டிக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், ஆக 3,600 வாட். ஏ.சி., மைக்ரோவேவ், வெந்நீர் ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் தாண்டிவிடும். மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. குளிர்பெட்டியில் பால் திரிந்திருந்தது. அந்தக் குளிர்பெட்டியில் கம்ப்ரெசர் கிடையாது. எரிவாயுச் சுடரின் சூட்டில் அம்மோனியாக் கரைசல் கொதித்து, ஆவியாகி, தன் பாட்டில் கீழே வழிந்து சுற்றிவருவதால் குளிர்ச்சி உண்டாகிறது. வண்டி சாய்ந்து நின்றால் கரைசல் வழியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுத்தபின் மறுநாள் சில்லென்றிருந்தது. இப்படிச் சின்னதும் பெரிதுமாக 19 குறைகளை அம்மையார் நோட்டில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொன்றாக அடித்துவிடுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

நம்மவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது? முகாமை விட்டு வெளியே வரும் வழியில் அதற்கென்று ஒரு சாக்கடைத் திறப்பு இருக்கும. கையுறை போட்டுக்கொண்டு, பருத்த குழாயை மாட்டி, முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது வடிந்தபின் குளியல் தண்ணீர்த் தொட்டி. இந்த வரிசை மாறக் கூடாது. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்தால்தான் குழாய் கழுவப்படும். பத்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எனக்கும் சேர்த்துத் தலைக்குக் குளிக்க உத்தரவிட்டார், நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவன்தான் என்றாலும்.

நீண்ட பயணத்துக்குச் செப்டம்பர் முதல் வாரம் கிளம்பினார்கள். கோடை விடுமுறைக் கூட்டம் அப்போது குறைந்துவிடும். ஆர்.வி.க்காரர்களிடையே 3-3-3 என்று ஒரு கணக்கு உண்டு: நாளொன்றுக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் சேர்ந்துவிடு, சேர்ந்த இடத்தில் 3 நாளாவது இரு. இவர்கள் 300ஐ 200 ஆக்கிக்கொண்டார்கள். முதல் தங்கல் கெண்டக்கியில் லூயிவில் அருகே. அடுத்து மாமத் குகை தேசியப் பூங்கா. இதுவரை அளந்ததே 420 மைலுக்கு மேல், உலகில் அறியப்பட்ட குகைகளில் நீளமானது. அங்கே முகாம் கட்டணத்தில் பாதிதான் கொடுத்தார்கள். 62 வயது நிறைந்தவர்களுக்குத் தேசியப் பூங்காக்களுக்கான ஆயுட்கால அனுமதிச் சீட்டு இருக்கிறது. 2017 வரை 10 டாலராக இருந்தது, அதன்பின் 80 டாலர். அதைக் காட்டினால் நுழைவு இலவசம், அரசு முகாம்கள் பலவற்றில் அரைக் கட்டணம். குடிமக்களுக்கு மட்டுமல்ல, கிரீன் கார்டு பெற்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் உண்டு. பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்துவிட்ட நம் மூத்தவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. சுற்றுலா விசாவில் போகும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடையாது.

அங்கிருந்து டென்னஸியில் நாஷ்வில் போய், நேச்செஸ் டிரேஸ் என்ற சாலையில் இறங்கினார்கள். பழைய செவ்விந்தியர் நடைபாதையை ஒட்டி, நாஷ்வில் பக்கத்திலிருந்து மிஸிஸிப்பி மாநிலத்து நேச்செஸ் வரை 444 மைல் போகும் பூங்காச் சாலை. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. வேகம் 50 மைலுக்கு மேல் கூடாது. கடையோ விளம்பரப் பலகையோ கண்ணில் படாது. கை நடுங்குகிறவருக்கு இதைவிட நல்ல சாலை அந்த நாட்டில் கிடைக்காது என்று தேர்ந்தெடுத்தவர் அம்மையார். நெடுஞ்சாலை முழுதும் கணவர் ஓட்டினார், டிரேஸில் இவர். மெரிவெதர் லூயிஸ் என்ற இடத்தில் கட்டணமில்லாத முகாமில் தங்கினார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரை வரை வழி கண்ட லூயிஸ், கிளார்க் இருவரில் லூயிஸ் 1809இல் இறந்ததும் அடக்கமானதும் அங்கேதான். சரித்திர வாத்தியாருக்கு அந்த ஓரிடமே போதும்போல இருந்ததாம். மிஸிஸிப்பியில் டுப்பலோ வரை போய்த் திரும்பினார்கள். நேச்செஸ் வரை போகவில்லை. 16 நாள், ஏறத்தாழ 1,200 மைல்.

செலவுக் கணக்கை மறைப்பானேன்? வண்டி கேலனுக்கு 8 மைல் கொடுத்தது, நம் கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. 150 கேலன் பெட்ரோல். தனியார் முகாம்களில் ஓர் இரவுக்கு 40 முதல் 80 டாலர். பழுது பார்த்ததற்கு மொத்தம் 7,000 டாலரை ஒட்டி ஆயிற்று. காரில் போய் மோட்டலில் தங்கியிருந்தால் இதைவிடக் குறைவாக முடிந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நான் அதை அம்மையாரிடம் சொன்னபோது, தன் கட்டில், தன் கழிவறை, தன் அடுப்பு மூன்றும் கூடவே வருவதால்தான் புது முழங்காலோடு 16 நாள் வெளியே இருக்க முடிந்தது, மோட்டலாக இருந்தால் நாலாம் நாள் திரும்பியிருப்போம் என்றார். மகன் இன்னும் விற்கத்தான் சொல்கிறான். வியாபாரிக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் ஊர் திரும்பிய வாரத்தில் அவர்கள் கார் ஷெட் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை: ஜெனரேட்டர் ஒரு மணி நேரம், ஏ.சி. போட்டு. அதன்பின் வண்டி இருபது மைல், மழையோ பனியோ இல்லாத நாளாகப் பார்த்து. டயரில் காற்று. கூரை மூலைகள். யார் ஓட்டுவது என்பதற்கு ஒரு தனிக் கட்டம் போட்டு, மாதம் மாற்றி மாதம் இருவர் பெயரும் எழுதியிருந்தது. அக்டோபருக்கு எதிரே அம்மையாரின் பெயர்.